அபாகஸா, வேத கணிதமா, வாய்ப்பாடா: நேரம் காணாத பிள்ளைக்கு எது உதவும்?

சாம்பல்தீவில் இருந்து ஒரு அம்மா போன கிழமை என் வகுப்புக்கு வந்திருந்தார். மூத்த மகன் தரம் 10, இளைய மகள் தரம் 3. கையில் இரண்டு நோட்டீஸ் வைத்திருந்தார். ஒன்று அபாகஸ் (மணிச்சட்டம்) வகுப்பினுடையது, மற்றது வேத கணிதம் என்ற மனக்கணக்கு உத்திகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பினுடையது. "ரீச்சர், இவனுக்குக் கணக்கு விளங்கும். நேரம்தான் காணாது. கடைசி ரெண்டு கேள்வி எப்பவும் தொடாமலே வாறான். இதில எதில விட்டா வேகம் வரும்?" என்று கேட்டார். மகளையும் கூடவே சேர்த்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பதினாறு வருடமாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். நிலாவெளியில் இருந்தும் தம்பலகாமத்தில் இருந்தும் வருகிற பெற்றோர் எல்லோரும் ஏதோ ஒரு நாள் இதைக் கேட்டுவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு அரை மணித்தியாலத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். காசும் நேரமும் போகிற விசயம், யோசித்து முடிவெடுப்பது நல்லது.

முதலில் பரீட்சை என்ன கேட்கிறது என்று பார்ப்போம். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் கணிதத்தில் கணிப்பான் பாவிக்க முடியாது. முதலாம் வினாத்தாளுக்கு 2 மணித்தியாலம். அதில் 25 சிறு வினாக்களும் 5 பெரிய வினாக்களும் இருக்கும். சிறு வினாவுக்கு இரண்டு நிமிடம் வீதம் 50 நிமிடம் போனால், மீதி 70 நிமிடத்தில் பெரிய வினா ஒன்றுக்கு 14 நிமிடம் கிடைக்கும். இரண்டாம் வினாத்தாளில் 3 மணித்தியாலத்தில் 10 வினா, ஆகவே ஒன்றுக்கு 18 நிமிடம். குறைவான நேரம் இல்லை. அப்படியிருந்தும் பிள்ளைகளுக்கு ஏன் காணாமல் போகிறது?

இதை அந்தப் பையனிடமே பார்த்தேன். ஓர் உருளைக் கணக்குக் கொடுத்தேன்: ஆரை 3.5 செ.மீ., உயரம் 12 செ.மீ., கனவளவு காண்க, பை 22/7. சூத்திரத்தைத் தயங்காமல் எழுதினான். பிரதியிட்டதும் சரி. அதற்குப் பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு கொப்பியின் வலது ஓரத்துக்குப் போனான். 35 ஐ 35 ஆல் நீட்டிப் பெருக்கி 12.25. அதை 22 ஆல் பெருக்கி 269.5. அதை 12 ஆல் பெருக்கும்போது ஒரு மிகுதியைக் கூட்ட மறந்து 3224 என்று எழுதினான். 7 ஆல் வகுத்தால் 460.57 என்று இழுபட்டுக்கொண்டே போனது. விடை இப்படி வராது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அழிறப்பரை எடுத்து ஓரம் முழுவதையும் அழித்து, திரும்ப முதலில் இருந்து தொடங்கினான். 462 என்று கடைசியில் வந்தபோது ஐந்து நிமிடம் கடந்திருந்தது.

பக்கத்து மேசையில் இருந்த பிள்ளையிடம் அதே கணக்கைக் கொடுத்தேன். அவள் பெருக்கவே தொடங்கவில்லை. 22/7 × 3.5 × 3.5 × 12 என்று எழுதிய வரியிலேயே 7 ஐயும் ஒரு 3.5 ஐயும் வெட்டினாள். 3.5 என்பது 7 இன் பாதி, ஆகவே கீழே 2 மட்டும் மிச்சம். அந்த 2 ஆல் 22 ஐ வெட்ட 11. பிறகு 3.5 × 12 = 42, 42 × 11 = 462. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த இரண்டு பிள்ளைகளில் யாருக்குப் பெருக்கும் வேகம் அதிகம் என்று பார்த்தால், உண்மையில் பையனுக்குத்தான். அவன் 35 ஐ 35 ஆல் பெருக்கிய வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால் செய்யத் தேவையில்லாத நான்கு பெரிய கணிப்புகளைச் செய்தான். ஒவ்வொன்றிலும் பிழை விட ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே வகுப்புகளைப் பார்க்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது பிள்ளையைப் பெரிய பெருக்கலை வேகமாகச் செய்யப் பழக்குகிறதா, அல்லது பெரிய பெருக்கல் வராமலே பார்த்துக்கொள்ளப் பழக்குகிறதா?

இனி அபாகஸ். இங்கே வகுப்புகளில் பெரும்பாலும் கையில் கொடுப்பது ஜப்பானியச் சொரோபான் வகை. ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, அதன் பெறுமதி 5. கீழே நான்கு மணி, ஒவ்வொன்றும் 1. சில வருடம் பழகிய பிள்ளை சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு விரலைக் காற்றில் அசைத்துக்கொண்டே நான்கு இலக்கக் கூட்டலைச் சொல்லிவிடும். நேரில் பார்த்திருக்கிறேன், பிரமிப்பாகத்தான் இருக்கும். கூட்டல், கழித்தலில் அதற்கு நிகராக வேறு ஒன்றும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மணிகள் மனதுக்குள் இறங்க வருடக்கணக்கு வேண்டும், தினமும் பயிற்சி வேண்டும். தரம் 10 பிள்ளைக்கு அந்தக் காலம் கையில் இல்லை. அடுத்தது, சாதாரண தரத்தில் இடறுகிற இடங்கள் பின்னம், மறை எண், அட்சரகணிதக் கோவை. இவற்றுக்கு மணிச்சட்டம் நேரடியாக உதவாது. இன்னொன்றும் உண்டு. பெரிய வினாக்களில் படிமுறைக்குப் புள்ளி இருக்கிறது. விடையை மட்டும் மனதில் பிடித்துச் சட்டென்று எழுதுகிற பழக்கம் ஊறிய பிள்ளைகள் இடையில் உள்ள வரிகளை விட்டுவிடுவார்கள். விடை பிழைத்தால் முழுவதும் போய்விடும். ஆகவே மகனுக்கு வேண்டாம் என்று நேராகவே சொன்னேன்.

மகளின் விசயம் வேறு. தரம் 3 பிள்ளைக்கு அந்தப் பரீட்சை வர இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. எண்ணோடு விளையாட ஆசை இருந்தால் அபாகஸ் நல்லது. கூட்டும்போது 8 உடன் 2 சேர்ந்து 10 ஆவதைக் கையாலேயே உணர்வாள். ஆனால் சாம்பல்தீவில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் பின்னேரம் டவுனுக்கு வந்து, இருட்டிய பிறகு பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். களைத்துப்போகிற பிள்ளையை அதற்காக இழுத்துவரத் தேவையில்லை. வீட்டில் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து, கடைக்குப் போகும்போது மிச்சக் காசை எண்ணச் சொன்னாலே அந்த வயதுக்கு வேண்டியதில் பெரும்பங்கு வந்துவிடும்.

வேத கணிதத்துக்கு வருவோம். பெயரைக் கேட்டால் ஆயிரக்கணக்கான வருடப் பழமை போலத் தோன்றும். பூரி மடத்துச் சங்கராசாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதியது அது. அவர் 1960 இல் காலமானார், நூல் 1965 இல் வெளிவந்தது. அதில் உள்ள 16 சூத்திரங்கள் இன்று கிடைக்கும் வேத நூல்களில் இல்லை என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். பெயர் எப்படியிருந்தாலும் உள்ளே இருக்கும் கணிதம் சரியானது. பாடசாலை அட்சரகணிதத்தை வைத்தே அதை நிறுவலாம்.

உதாரணமாக 97 × 96. நூறுக்கு 3 குறைவு, 4 குறைவு. 97 இல் இருந்து 4 ஐக் கழித்தால் 93. 3 × 4 = 12. விடை 9312. பிள்ளைகளுக்கு இது கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும், வகுப்பே உற்சாகமாகிவிடும். கணிதத்துக்குப் பயந்த பிள்ளை ஒன்று அந்த உற்சாகத்தால் நிமிர்ந்து உட்காருமானால் அதுவே பெரிய பலன்தான். ஆனால் கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டிப் பாருங்கள். 97 ஐ 96 ஆல் பெருக்கு என்று எத்தனை இடத்தில் வருகிறது? நூறுக்குக் கிட்ட உள்ள எண்ணுக்கு ஒரு முறை, ஐந்தில் முடிவதற்கு ஒரு முறை, பதினொன்றுக்கு ஒரு முறை என்று இருபது உத்திகளைப் படித்த பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் இது எந்த உத்திக்குரிய எண் என்று தேடுவதற்கே நேரத்தைக் கொடுக்கும். அந்த நேரத்தில் சாதாரணமாகவே பெருக்கிவிடலாம்.

அதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டுதான் என்பது என் கருத்து. ஒன்று, ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கம். 65 என்றால் 6 × 7 = 42, பக்கத்தில் 25, விடை 4225. இரண்டாவது, இரு வர்க்கங்களின் வித்தியாசம். அது எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, தனியாகக் காசு கட்டிப் படிக்க வேண்டியதில்லை. 8.7 இன் வர்க்கத்தில் இருந்து 1.3 இன் வர்க்கத்தைக் கழிக்கச் சொன்னால், (8.7 + 1.3)(8.7 − 1.3), அதாவது 10 × 7.4 = 74. இரண்டு வர்க்கத்தையும் தனித்தனியே கண்டு கழிக்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். காரணிப்படுத்தல் பாடத்தில் முழுப் புள்ளி வாங்கியவர்கள்தான் அவர்கள். அந்தப் பாடம் இந்தக் கணக்குக்கும் உதவும் என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

பாடத்திட்டத்துக்குள்ளேயே இப்படி நேரத்தை மிச்சப்படுத்த வைத்திருக்கும் வழிகள் வேறும் உண்டு. எடுகொண்ட இடை, அதாவது ஓர் எண்ணைச் சராசரியாக ஊகித்து எடுத்துப் பிறகு திருத்தும் முறை, அதில் ஒன்று. வகுப்பாயிடைகளின் நடுப்பெறுமானங்கள் 42, 47, 52, 57, 62, மீடிறன்கள் (ஒவ்வொன்றும் எத்தனை தடவை) 3, 7, 10, 6, 4 என்று வைத்துக்கொள்வோம். நேரே பெருக்கினால் 126, 329, 520, 342, 248 என்று கூட்டி 1565 க்கு வந்து 30 ஆல் வகுக்க வேண்டும். 52 ஐ எடுகொண்ட இடையாகக் கொண்டால் விலகல்கள் −10, −5, 0, 5, 10. பெருக்கங்கள் −30, −35, 0, 30, 40. கூட்டினால் வெறும் 5. அதை 30 ஆல் வகுத்து 52 உடன் சேர்த்தால் 52.17. எது வேகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது நான் அந்தப் பையனுக்குத் தெரிவு செய்த வழி: வாய்ப்பாடும் பின்னமும். வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். ஏழு பன்னிரண்டு எவ்வளவு என்றால் 84 என்று சொல்லிவிடுவார்கள். 84 ஐக் கொடுத்து இது எவற்றின் பெருக்கம் என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறுவார்கள். 7 × 12, 6 × 14, 4 × 21, 3 × 28 என்று நான்கும் உடனே வாயில் வர வேண்டும். வெட்டிச் சுருக்குவதற்கு இந்தத் தலைகீழ் வாய்ப்பாடுதான் வேண்டும். உருளைக் கணக்கில் அந்தப் பிள்ளை 7 ஐக் கண்டதும் 3.5 ஐப் பார்த்தது இதனால்தான். 12 வரை நேராகவும், 100 வரை உள்ள எண்களைத் தலைகீழாகவும் பழகுவதற்கு இரண்டு மாதம் போதும், அதுவும் தினம் பத்து நிமிடம் ஒதுக்கினால்.

பின்னத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சம்பவம். சந்தையில் ஒரு நாள் பாரைமீன் வாங்கினேன். கிலோ 1,600 ரூபாய், நிறை 1 கிலோ 375 கிராம். மீனைப் பையில் போட்டுக்கொண்டே வியாபாரி ஐயா "ரெண்டாயிரத்து இருநூறு தாங்கோ பிள்ளை" என்றார். எப்படி ஐயா இவ்வளவு கெதியாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒரு கிலோவும் காலும் அரைக்காலும்தானே" என்றார். கால் கிலோ 400, அரைக்கால் 200. 1600 + 400 + 200. 1.375 என்ற தசமத்தை அவர் பார்க்கவே இல்லை.

அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அதாவது 0.125, அதாவது 12½ சதவீதம். இந்தச் சொல் எங்கள் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் காலத்தில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலைப் படித்த பிள்ளைகள் இதைத் தாண்டியும் போனார்கள். மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4/80 + 1/80 = 5/80 = 1/16. சொல்லுக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது! வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் 5 சதவீதத்துக்கு மா என்றும் 6¼ சதவீதத்துக்கு மாகாணி என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மனதில் நிற்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பரீட்சையில் இது எங்கே வருகிறது? வட்டி, வரி, பங்கு எல்லாவற்றிலும். 25 ரூபாய்ப் பங்கில் 60,000 ரூபாய் முதலிட்டால் எத்தனை பங்கு? 25 என்பது நூறில் கால். 60,000 ஐ 100 ஆல் வகுத்து 600, அதை 4 ஆல் பெருக்கி 2400. பங்குக்கு 3 ரூபாய் பங்கிலாபம் என்றால் 7200. நீள்வகுத்தல் எங்கும் இல்லை. 0.25, 0.125, 0.375, 0.2, 0.05 ஆகியவற்றைக் கண்டதும் பின்னமாகப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இந்தப் பகுதி முழுவதும் இலேசாகிவிடும்.

மடக்கை (log) அட்டவணையையும் சிலர் வேகத்துக்கான வழியாகச் சொல்வார்கள். நேப்பியர் 1614 இல் மடக்கையை வெளியிட்டது பெருக்கலைக் கூட்டலாக மாற்றத்தான். பிறகு பிரிக்ஸ் அதைப் பத்தின் அடிக்கு மாற்றினார், நாங்கள் பாவிப்பது அந்த வகை. வானியல்காரர்களுக்கு அது பெரும் உதவியாக இருந்தது. எங்கள் பரீட்சையில், மடக்கை அட்டவணையைப் பயன்படுத்திக் காண்க என்று கேட்ட இடத்தில் அதைத்தான் பாவிக்க வேண்டும். ஒன்றுக்குக் குறைந்த எண்களுக்கு முழுப்பகுதியின் மேல் கோடு போட்டு எழுதுவதை, அதிலும் அதைக் கழிக்கும் முறையை, நன்றாகப் பழக வேண்டும். அநேகப் பிழைகள் வருவது அங்கேதான். மற்றக் கேள்விகளுக்கு அட்டவணையைப் புரட்டுவதில் நேரம்தான் போகும். நான்கு இலக்கத் திருத்தம் மட்டுமே கிடைப்பதால் 462 வர வேண்டிய இடத்தில் 461.9 வந்து பிள்ளையைக் குழப்பும்.

அந்த அம்மா தொலைபேசிச் செயலிகளைப் பற்றியும் கேட்டார். வாய்ப்பாட்டைச் சோதிக்க ஐந்து நிமிடம் பாவிக்கலாம், அவ்வளவுதான். திரையைத் தட்டும் வேகமும் பேனையால் எழுதும் வேகமும் ஒன்றில்லை.

மண்டபத்தில் உண்மையில் பிள்ளையைக் காப்பாற்றுவது மதிப்பிடும் பழக்கம். எங்கள் கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 36 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ் அதைக் கடக்க எவ்வளவு நேரம் என்று அடிக்கடி கேட்பேன். மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர். 18 என்றால் 5, 54 என்றால் 15, 72 என்றால் 20. பாலத்தை 400 என்று எடுத்தால் 40 செக்கன், சரியான விடை 39.6. தசமப் புள்ளி இடம் மாறி 3.96 என்றோ 396 என்றோ எழுதியிருந்தால் அந்த 40 உடனே காட்டிக்கொடுக்கும்.

ஒன்பது கழித்துச் சரிபார்க்கும் முறையையும், அதாவது இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி ஒப்பிடுவதையும், சொல்லிக்கொடுக்கிறேன். 23 × 47 = 1081. 2 + 3 = 5. 4 + 7 = 11, அதாவது 2. பெருக்கினால் 10, அதாவது 1. விடையில் 1 + 0 + 8 + 1 = 10, அதுவும் 1. பொருந்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1801 என்று இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தாலும் இது பொருந்தும். நான் சாதாரண தரம் எழுதியபோது ஒரு முழு வினாவைக் கெடுத்தது அப்படி இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்தான். ஆகவே இதோடு மதிப்பீடும் சேர வேண்டும். 20 × 50 = 1000 என்று ஒரு கணம் யோசித்திருந்தால் 1801 நிற்காது.

உயர் தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்த மதிப்பீடு இன்னும் முக்கியம். பௌதிகவியல் முதலாம் வினாத்தாளில் 2 மணித்தியாலத்தில் 50 வினா, அங்கேயும் கணிப்பான் இல்லை. ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். பையின் வர்க்கத்தைக் கிட்டத்தட்ட 10 என்றும், ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்றும் எடுத்தால் 1 மீற்றர் ஊசலின் அலைவுகாலம் 2 செக்கன் என்று எழுதாமலே வந்துவிடும். ஐந்து தெரிவுகளில் மூன்றை அப்படியே தள்ளிவிடலாம். அபாகஸ் படித்த பிள்ளையோ வேத கணிதம் படித்த பிள்ளையோ இதைத் தனியாகத்தான் பழக வேண்டியிருக்கும்.

அந்த அம்மா இரண்டு நோட்டீசையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மகளுக்கு அபாகஸ் என்பதை அடுத்த வருடம் அவளையே கேட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார். மகனுக்கு வெளியில் ஒரு வகுப்பும் வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். காலையில் பாடசாலைக்குப் போகும் முன் பத்து நிமிடம் தலைகீழ் வாய்ப்பாடு, அதைக் கேட்பது தங்கச்சியின் பொறுப்பு. சனிக்கிழமைகளில் ஒரு முதலாம் வினாத்தாள், மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, பேனையால். ஒரு நிபந்தனையும் போட்டேன்: ஒரு வரியில் வெட்டக்கூடியது மிச்சம் இருக்கும்வரை கொப்பி ஓரத்துக்குப் போகக் கூடாது.

முதல் சனிக்கிழமை வினாத்தாள் நேற்று வந்தது. கடைசி வினாவை இன்னும் தொடவில்லை, அதற்கு முந்தியதைப் பாதி செய்திருக்கிறான். வலது ஓரத்தில் மூன்று பெருக்கல் மட்டும் இருந்தது. அதில் ஒன்று 25 × 48. அதைச் சிவப்பால் வட்டமிட்டு, பக்கத்தில் "நூறில் கால்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.